சுவர்ப் பக்கம் திருப்பி வைத்த படம்

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார்: “அண்ணே, மேடையில இவ்வளவு பேசுறீங்க. உங்கம்மா கடைசிவரைக்கும் செபமால உருட்டிக்கிட்டேதான் இருந்தாங்களாமே. கேட்டது எதையும் குடுக்காத சாமிய எதுக்கு அப்படி விடாம புடிச்சிக்கிட்டிருந்தாங்க?”

அதில் கிண்டல் இல்லை. அந்தத் தம்பியின் வீட்டிலும் அப்படி ஒரு அம்மா இருக்கிறார் என்பது கேட்ட விதத்திலேயே தெரிந்தது. எனக்கு அப்போது பதில் வரவில்லை. ‘பழக்கம்தான் தம்பி’ என்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். பழக்கம் என்று சொன்னது பொய். எங்கம்மா எதையும் பழக்கத்துக்காகச் செய்த மனுஷி அல்ல. அந்தத் தம்பிக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

எங்க ஊர் பழைய தென்னாற்காடு மாவட்டத்தில். நாங்கள் நாலு தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். ஊருக்குக் கோயில் ஒன்றுதான், அது ஊர்த்தெருவில் இருக்கிறது. திருவிழாத் தேர் ஊர்த்தெருவைச் சுற்றிவிட்டு காலனி முனையில் திரும்பிவிடும். அவர்களுக்குத் தனிக் கல்லறை, எங்களுக்குத் தனிக் கல்லறை. செத்தவர்களைத் தூக்கிப்போகிற தூம்பாவும் தனித்தனி. பூசையில் சாமியார் ‘சகோதரரே’ என்று கூப்பிடுவார். வெளியே வந்தால் ‘ஏய்’ என்று கூப்பிடுவார்கள்.

1977, கார்த்திகை மாதம். என் தங்கச்சிக்கு 6 வயசு, எனக்கு 10. அவளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். நாலாம் நாள் ராத்திரி ஜன்னி கண்டுவிட்டது. கண்ணு மேலே சொருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. பெரிய ஆஸ்பத்திரி 14 மைல். நல்ல மழை. அப்பா தான் வேலை செய்த வீட்டில் போய் மாட்டுவண்டி கேட்டார். இந்த மழையில மாட்ட அவுக்க முடியாது என்றார்கள். அங்கிருந்து கோயிலுக்கு ஓடினார். பங்குச் சாமியாரிடம் ஒரு ஜீப் இருந்தது. அதை ஓட்டுகிறவர் ஊர்த்தெருக்காரர். “இந்நேரத்துல காலனி ஆளுங்கள ஏத்திக்கினு போனா நாளைக்கி ஊருல நான் யாருக்குப் பதில் சொல்றது” என்று நின்ற இடத்திலேயே நின்றார். சாமியார் அவரை வற்புறுத்தவில்லை. “காலைல பாக்கலாம்பா. போயி செபம் பண்ணுங்க” என்றார்.

அம்மா அப்போது செபம்தான் பண்ணிக்கொண்டிருந்தது. தங்கச்சியைக் கோணிச் சாக்குக்குள் சுருட்டி மடியில் போட்டுக்கொண்டு கோயில் முன்னால் இருக்கிற லூர்து மாதா கெபியில் முட்டிக்கால் போட்டிருந்தது. நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கெபிக்கும் ஜீப் நின்ற கொட்டகைக்கும் இடையில் நூறடிகூட இருக்காது. விளக்கு வெளிச்சத்தில் ஜீப்பின் முன்பக்கக் கண்ணாடி மினுங்கியது எனக்கு இப்பவும் தெரிகிறது.

கோழி கூவுறதுக்கு முன்னால் தங்கச்சி அடங்கிவிட்டாள்.

மறுநாள் எங்கள் கல்லறையில் வைத்து சாமியார் பேசினார். கடவுள் தமக்குப் பிரியமானவங்களத்தான் சோதிப்பார், அவருடைய சித்தம் நமக்குப் புரியாது, பொறுமையா இருக்கணும், நம்பிக்கைய விடக்கூடாது என்றார். அம்மா அழவில்லை. வீட்டுக்கு வந்து, மாடத்தில் இருந்த அந்தோணியார் படத்தை எடுத்து, முகம் சுவரைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தது.

*

அந்தப் பிரசங்கத்தை நான் பிற்பாடு எத்தனையோ சாவு வீடுகளில் கேட்டிருக்கிறேன். பொறுமை, சோதனை, சித்தம் என்ற வார்த்தைகள் எல்லா மதத்திலும் இருக்கின்றன. ஆனால் அவை எந்தத் தெருவில் அதிகம் செலவாகின்றன என்று பாருங்கள். ஊர்த்தெருக்காரர் வீட்டில் குழந்தைக்கு ஜன்னி கண்டிருந்தால் அன்றைக்கு ஜீப் கிளம்பியிருக்கும். ‘காலையில் பார்க்கலாம்’ என்று அங்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கடவுள் சித்தம் புரியவில்லை என்கிறார்கள். டிரைவருடைய சித்தம் எல்லோருக்கும் நன்றாகவே புரிந்திருந்தது.

திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலைப் பற்றிப் படித்திருப்பீர்கள். வேளாளருக்கு ஒரு பக்கம், மற்ற சாதியாருக்கு ஒரு பக்கம் என்று கால்சட்டையின் இரண்டு கால்கள் மாதிரி இரண்டு மண்டபங்கள். இரண்டும் சேருகிற இடத்தில் பீடம். இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தப் பக்கம் தெரியாது. பீடத்தில் நிற்கிற சாமியாருக்கு மட்டும் இரண்டு பக்கமும் தெரியும். 1910இல் அந்தத் தடுப்பை எடுத்தபோது, அது எங்கள் உரிமை என்று வேளாளக் கிறித்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள், வழக்குத் தோற்றது. அதற்கு முன்னால் நாற்பது வருஷத்துக்குக் கிட்டே இரண்டு பக்கத்துச் செபமும் ஒரே பீடத்துக்குத்தான் போயிருக்கிறது. ‘எங்கள் செபத்தைக் கேளும்’ என்று இரண்டு பக்கமும் மன்றாடியிருக்கும். ஒரு பக்கம் கேட்டது சுவர் நிற்க வேண்டும் என்று. மறுபக்கம் கேட்டது வேறாக இருந்திருக்கும். கேட்கப்படாத செபம் என்று பேசும்போது, நம் செபத்துக்கு எதிராக யார் செபம் செய்துகொண்டிருந்தார்கள் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

விவிலியத்தில் யோபு என்று ஒருவர். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் வாரிக்கொடுத்தவர். உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரைக்கும் நல்ல மனிதர்கள். பிறகு வாயைத் திறக்கிறார்கள். நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், கடவுள் நீதிமான், காரணமில்லாமல் தண்டிக்க மாட்டார் என்கிறார்கள். நம் ஊரில் இதற்கு முன்வினை என்று பேர். யோபு ஒத்துக்கொள்ளவில்லை. நான் அப்படி எதுவும் செய்யவில்லை, கடவுள் என் எதிரே வந்து பதில் சொல்லட்டும் என்று வழக்கு வைக்கிறார். கடைசியில் கடவுள் யார் மேல் கோபப்படுகிறார் தெரியுமா? தமக்காக வக்காலத்து வாங்கிய அந்த மூன்று பேர் மேல். யோபு பேசியதே சரி, நீங்கள் பேசியது சரியில்லை என்கிறார். எங்கள் ஊர்க் கோயிலில் யோபுவின் பொறுமையைப் பற்றி வருஷத்துக்கு ஒரு தரமாவது பிரசங்கம் உண்டு. நண்பர்கள் மேல் வந்த கோபத்தைப் பற்றி ஒருநாளும் நான் கேட்டதில்லை.

*

தோழர்கள் இந்த இடத்தில் குறுக்கிடுவார்கள். ஏன் இன்னும் அந்தப் புத்தகத்துக்குள்ளேயே சுற்றுகிறாய், வெளியே வா என்பார்கள். அவர்கள் தரப்பு வலுவானது, சும்மா தள்ளிவிட முடியாது. கரைபுரண்டு ஓடுகிற ஆற்றின் இந்தக் கரையில் நின்றுகொண்டு, அந்தக் கரையைப் பார்த்து இங்கே வா, இங்கே வா என்று ஒருவன் கும்பிட்டால் கரை வந்துவிடுமா என்று புத்தர் கேட்டார். அண்ணலும் அப்படித்தான் முடிவுக்கு வந்தார். 1930 மார்ச்சில் நாசிக் காலாராம் கோயில் கதவுக்கு முன்னால் நம் மக்கள் தொடங்கிய போராட்டம் அஞ்சு வருஷம் நடந்தது. கதவு திறக்கவில்லை. 1935இல் இயோலாவில், இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் இலட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார். திறக்காத கதவின் முன்னால் ஆயுசு முழுக்க நிற்பது பக்தி இல்லை என்று அவர் காட்டினார். அதை நான் மறுக்கவில்லை.

1968 டிசம்பர் 25ஆம் தேதி ராத்திரி கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேரை வைத்து எரித்தார்கள். பெண்கள், குழந்தைகள், வயசானவர்கள். உலகம் முழுக்கக் கோயில்களில் பாலன் பிறந்த பாட்டு பாடிக்கொண்டிருந்த ராத்திரி அது. அந்தக் குடிசைக்குள் இருந்தவர்கள் கடைசி நிமிஷத்தில் எந்தெந்தச் சாமியைக் கூப்பிட்டிருப்பார்கள்? எந்தச் சாமியும் வரவில்லை. கடவுளைப் பற்றிப் பேசுகிற எவரும் இந்த 44 பேரின் முன்னால் நின்று பேச முடிந்தால்தான் அது பேச்சு. என்னால் முடியவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் வெண்மணியை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். அவர்கள் மேலே பார்த்துக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே, கீழே இருக்கிற எல்லா வாசலையும் தட்டியிருந்தார்கள். கூலியை உயர்த்திக் கேட்டார்கள், சங்கம் வைத்தார்கள். அவர்களைக் காக்க வேண்டிய போலீஸ் நேரத்துக்கு வரவில்லை. பிற்பாடு வழக்கு உயர் நீதிமன்றம் போனபோது, இவ்வளவு நிலபுலனும் காரும் உள்ளவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்று சொல்லி நிலச்சுவான்தார்களை விடுதலை செய்தார்கள். கடவுள் ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் போலீசும் நீதிமன்றமும் பண்ணையும் சந்தடியில்லாமல் நழுவிவிடுகின்றன. எல்லாப் பழியும் ஆகாயத்தின் மேல் போய்விடுகிறது.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. நம் மக்களின் கேட்கப்படாத செபங்களை இரண்டு குவியலாகப் பிரிக்க வேண்டும். கடவுள் ஒருவரால்தான் ஆகும் என்பவை ஒரு குவியல். பக்கத்தில் இருக்கிற மனுசனால் ஆகக்கூடியவை இன்னொரு குவியல். பிரித்துப் பார்த்தால் இரண்டாவது குவியல்தான் மலை மாதிரி நிற்கிறது.

தலித் கிறித்தவர்களின் பட்டியல் சாதி உரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துவாக இல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறித்தவத் தலித்தும் முஸ்லிம் தலித்தும் வெளியே நின்றார்கள். சென்னையில் ரோட்டோரத்தில் செருப்பு தைத்த சூசை என்பவர், இந்துவாக உள்ள செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்குக் கிடைக்காததை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் வைக்கவில்லை என்று 1985இல் தள்ளிவிட்டார்கள். இரண்டு கல்லறைக்கும் நடுவில் நிற்கிற சுவரை நீதிமன்றத்துக்குத் தூக்கிக்கொண்டா போக முடியும்? ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தையும் பட்டியலையும் முடிச்சுப் போடாதே என்று 2007இல் பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். இதற்காகக் கோயில்களில் எத்தனை மன்றாட்டுகள் சொல்லப்பட்டிருக்கும்! இந்தச் செபத்துக்குப் பதில் பரலோகத்தில் இல்லை. டெல்லியில் ஒரு பத்தியில் இருக்கிறது. அதோடு, நமக்காக ஒப்புக்கு மன்றாட்டுச் சொல்லிவிட்டு, கல்லறைச் சுவரைக் காப்பாற்றுகிற சாதிக் கிறித்தவர்களின் கையிலும் இருக்கிறது.

*

அப்படியானால் முதல் குவியல்? அதுவும் இருக்கிறது. அன்றைக்கு ஜீப் கிளம்பியிருந்தாலும் என் தங்கச்சி பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. வழியிலேயே செத்திருக்கலாம். ஆறு வயசுக் குழந்தைக்கு அப்படி ஒரு காய்ச்சல் ஏன் வர வேண்டும் என்ற கேள்விக்குச் சாதியை ஒழித்த பிறகும் பதில் கிடைக்காது. அந்த இடத்தில் எங்கம்மா என்ன செய்தது என்பதை இப்போது சொல்ல வேண்டும்.

படம் சுவரைப் பார்த்தபடியே இருந்தது. அம்மா கோயிலுக்குப் போகவில்லை. ஆயா பயந்துபோய், “சாமி குத்தம்டீ, திருப்பி வையி” என்று தினமும் கெஞ்சியது. முப்பதாம் நாள் பூசையும் முடிந்தது. அதற்கு ரெண்டு நாள் கழித்து, விடியற்காலையில் அம்மாவே படத்தைத் திருப்பி வைத்தது. நான் பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எத்தினி நாளைக்கி முதுகப் பாத்துக்கினு சண்ட போடறது. மூஞ்சியப் பாத்துக் கேக்கணும்” என்றது. பிறகு கேட்டது. ஊரே கேட்கிற மாதிரி கேட்டது. “பதினாலு மைலு போவ ஒரு வண்டி ஓட்டியாறத் துப்பில்ல, நீ என்னாத்துக்கு சாமி? எம் புள்ள இன்னா பாவம் பண்ணுச்சி, சொல்லு.” அப்புறம் முட்டிக்கால் போட்டு செபமாலை சொன்னது. ரெண்டையும் ஒரே மூச்சில் செய்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது அம்மா சாமியார் முன்னால் போய் நின்று, “சாமி, அந்த ஜீப்பு யாரோடது? ஒங்களுதா, ஊர்த்தெருவோடதா, கடவுளோடதா?” என்று கேட்டது. காலனியிலிருந்து ஒரு பொம்பளை கோயில் வாசலில் வைத்து இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சாமியார் பதில் சொல்லவில்லை. அந்த வருஷம் அறுப்புக்கு எங்கம்மாவை ஊர்த்தெருவில் யாரும் கூப்பிடவில்லை. நாங்கள் பட்டினி கிடந்தோம். பிற்பாடு, 1990களில், தேர் காலனிக்குள் வர வேண்டும் என்று பையன்கள் மறியல் செய்தபோது அம்மா கையில் செபமாலையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. தேர் இன்றுவரை காலனி முனையில்தான் திரும்புகிறது.

தம்பி, உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில். எங்கம்மா சாமியை விடாமல் பிடித்திருந்தது உண்மை. எதையாவது கொடுப்பார் என்று பிடித்திருக்கவில்லை. கணக்குக் கேட்பதற்காகப் பிடித்திருந்தது. கடன்காரனை விட்டுவிட்டால் கடன் தீர்ந்துபோகும் அல்லவா? இயேசு செபத்தைப் பற்றிச் சொன்ன கதை ஒன்றில், கடவுளுக்கும் அஞ்சாத, மனுசருக்கும் மதிப்புக் கொடுக்காத ஒரு நீதிபதியிடம் ஒரு விதவை நியாயம் கேட்டு ஓயாமல் போய் நிற்கிறாள். தொல்லை பொறுக்காமல் அவன் தீர்ப்புச் சொல்கிறான். மனம் தளராமல் செபிப்பதற்கு அவர் காட்டிய ஆள் கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்திருக்கவில்லை. திங்கட்கிழமைதோறும் மனுவோடு கலெக்டர் ஆபீசில் போய் நிற்கிற நம்ம காலனி பொம்பளை மாதிரி ஒருத்தி அவள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இயேசுவே கேட்டுக் கிடைக்காத செபம் ஒன்று உண்டு. பிடிபட்ட ராத்திரி, அதற்குச் சற்று முன்னால், ஒலிவத் தோட்டத்தில், இந்தப் பாடு எனக்கு வேண்டாம், முடிந்தால் எடுத்துவிடு என்று தகப்பனிடம் கேட்டார். எடுக்கப்படவில்லை. ஆனால் அந்த ராத்திரி அவர் இரண்டு பேரிடம் இரண்டு விஷயம் கேட்டார். கடவுளிடம் அதைக் கேட்டார். கூட வந்த சீடர்களிடம், கொஞ்ச நேரம் தூங்காமல் என்னோடு இருங்கள் என்று கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். கடவுள் ஏன் கேட்கவில்லை என்பதற்கு இரண்டாயிரம் வருஷமாக விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது வேண்டுகோளுக்கு விளக்கம் எதுவும் தேவையில்லை. விழித்திருக்க முடியும், விழித்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

இதை எழுதுகிற நானும் தூங்கினவன்தான். சில வருஷத்துக்கு முன்னால், எங்க காலனியில் ஒரு வயசான அம்மா பட்டாவுக்கு மனு எழுதித் தரச் சொல்லி மூன்று தரம் வீட்டுக்கு வந்தது. எனக்கு அந்த மாதம் தொடர்ந்து கூட்டங்கள். தலித் நில உரிமை பற்றித்தான் பேசினேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். அதற்குள் ஓடைப் புறம்போக்கு என்று குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். மனு கொடுத்திருந்தால் நின்றிருக்குமா என்று தெரியாது. ஆனால் அந்த அம்மா பிரித்துப் போட்ட கீற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “நானும் கும்பிடாத சாமியில்ல” என்று அழுதபோது எனக்குக் கெபியும் கொட்டகையும் ஞாபகம் வந்தது. என் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. காலைல பாக்கலாம் என்று சொன்னவன் நான்.

அம்மா 2009இல் இறந்தது. எங்கள் கல்லறையில், தங்கச்சிக்குப் பக்கத்தில் புதைத்தோம். நான் செபம் செய்கிறவன் இல்லை. ஆனால் அந்தோணியார் படம் என் வீட்டில்தான், முகம் தெரிகிற மாதிரி இருக்கிறது. அதைத் திருப்பி வைக்கவும் எனக்குத் தைரியமில்லை, அம்மா மாதிரி நேருக்கு நேராகக் கேட்கவும் தைரியமில்லை.

கேட்ட செபம் கிடைக்காத ஒரு தாய் நம்மிடம் வந்து, ‘ஏன் சாமி கண்ணத் திறக்கல’ என்று கேட்டால், சாமியார் மாதிரி சித்தம் என்று சொல்லாதீர்கள். நம் தோழர்கள் மாதிரி சாமியே இல்லை என்றும் உடனே சொல்லிவிடாதீர்கள். ஏழு நாள் இல்லாவிட்டாலும் ஏழு நிமிஷமாவது பக்கத்தில் தரையில் உட்காருங்கள். அப்புறம் எழுந்து, ஜீப் எந்தக் கொட்டகையில் நிற்கிறது, சாவி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.